மாதவிடாய் பேட் வாங்கினால் ஒன்றை வெட்டிப் பாருங்கள்: கொழும்புக் கடைகளில் கிடைக்கும் மூன்று வகை

வெள்ளவத்தை காலி வீதியில் எந்தப் பாமசிக்குள் நுழைந்தாலும் நாப்கின் தட்டில் பல நிறப் பக்கெற்றுகள் அடுக்கியிருக்கும். முன்பக்கத்தில் நீளம், விங்ஸ் உண்டா இல்லையா, 'அல்ட்ரா', 'கொட்டனி', 'ட்ரை' என்று நாலைந்து சொற்கள். உள்ளே எத்தனை அடுக்கு, எது மேலே, எது கீழே என்ற விபரம் அநேகமாக எதிலும் கிடையாது. கசிவதும் கசியாமல் இருப்பதும், தொடை இடுக்கில் தோல் உரிவதும் உரியாமல் இருப்பதும் அந்த அடுக்குகளின் வரிசையைப் பொறுத்தது. தடிப்பமானது என்றால் பாதுகாப்பு என்று வாங்குகிறவர்களும், மெல்லியது என்றால் உயர்தரம் என்று வாங்குகிறவர்களும் ஒரே அளவுக்கு ஏமாறுகிறார்கள்.

இந்த மதிப்பீட்டில் பிராண்டுப் பெயர் இல்லை. ஒரே கம்பனி நல்ல அமைப்பையும் மோசமான அமைப்பையும் பக்கத்துப் பக்கத்தில் விற்கும். உறை மாறாமலேயே உள்ளமைப்பு மாறுவதும் உண்டு. எனவே வகைவாரியாகச் சொல்கிறோம்: மரக்கூழ்ப் பஞ்சு நிரப்பிய தடிப்பமான பேட், ஜெல் சேர்த்த அல்ட்ரா பேட், கழுவித் திரும்பப் பாவிக்கும் துணி பேட். எங்கள் தெரிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலைக்கும் பஸ் பயணத்துக்கும் ஏ.டி.எல் அடுக்கு, அதாவது திரவத்தை ஏந்திப் பரப்பும் நடு அடுக்கு உள்ள அல்ட்ரா. வீட்டில் நிற்கும் நாளுக்கும் தோல் சீக்கிரம் சிவக்கிறவர்களுக்கும் பிரித்துக் கழுவக்கூடியதாகத் தைத்த துணி பேட். அடிக்கடி மாற்ற வசதி இருந்தால் மட்டும் பஞ்சு பேட்.

முதலில் சோதிக்கும் முறை. தண்ணீரை ஊற்றிப் பார்ப்பதில் பலனில்லை. விளம்பரத்தில் ஊற்றுகிற நீலத் தண்ணீர் எந்தப் பேட்டிலும் சட்டென்று இறங்கிவிடும். மாதவிடாய் இரத்தம் தண்ணீரைவிடத் தடித்தது. உப்பும் புரதமும் சளியும் இழையத் துணுக்குகளும் கலந்தது. பாமசியில் கிளிசரின் வாங்கி, 60 மி.லீ. தண்ணீரோடு 40 மி.லீ. கிளிசரினும் 1 கிராம் உப்பும் கொஞ்சம் சிவப்புக் கலறிங்கும் கலந்தால் தடிப்பில் இரத்தத்துக்குக் கிட்ட வரும். சளிக்கும் துணுக்குக்கும் இது ஈடாகாது. ஆனாலும் ஒரு பேட்டை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

ஊசி இல்லாத 10 மி.லீ. சிரிஞ்சால் பேட்டின் நடுவில் 5 மி.லீ. திரவத்தை 20 விநாடியில் விடுங்கள். இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ் 5405-இன் 1980 பதிப்பு சொல்லும் வேகம் இதுதான்: நிமிடத்துக்கு 15 மி.லீ. வீதம் மொத்தம் 30 மி.லீ. விட்டும் அடியிலோ கரையிலோ வெளிவரக்கூடாது. வீட்டில் 30 மி.லீ. வரை போகத் தேவையில்லை. ஒரு மாதவிடாய்ச் சுற்று முழுவதிலும் வெளியேறும் இரத்தமே பலருக்கு 30, 40 மி.லீ.தான், 80 மி.லீ. தாண்டினால் மருத்துவர்கள் அதிகப் போக்கு என்பார்கள். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று தரம் 5 மி.லீ. விட்டாலே பேட்டின் குணம் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தரமும் மேற்பரப்பின் மினுக்கம் மறைய எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். முதற்தடவை ஐந்து விநாடிக்குள் மறைவது நல்ல அடையாளம். ஆனால் முதற்தடவையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மேல் அடுக்கின் பிளாஸ்ரிக் நார் இயல்பாகத் தண்ணீரை ஏற்காது. ஏற்கச் செய்ய ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். மலிவான பேட்டில் அந்தப் பூச்சு முதல் ஈரத்தோடேயே கரைந்து இறங்கிவிடும். மூன்றாம் தடவையில் திரவம் இருபது விநாடிக்கு மேல் மேலேயே நின்றால், எழும்பி நடக்கும்போது அது பக்கவாட்டில் ஓடும். பலர் 'பேட் நிரம்பிவிட்டது' என்று நினைக்கிற கசிவு பெரும்பாலும் இதுதான். வெட்டிப் பார்த்தால் கீழ்ப்பாதி உலர்ந்தே இருக்கும்.

கடைசியாக, நாலாக மடித்த டிசுவை நிறுத்து எடை குறித்து, பேட்டின் நடுவில் வைத்து, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பிறகு டிசுவைத் திரும்ப நிறுக்கவேண்டும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஏறிய எடை அரைக் கிராமுக்குள் என்றால் நல்ல பேட். ஒரு கிராம் தாண்டினால் உட்காரும்போது ஈரம் தோலுக்குத் திரும்ப வரும். நாற்காலியில் உட்காரும் உடம்பு இந்தப் போத்தலைவிட அதிகமாகவே அழுத்தும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனிப் பஞ்சு பேட். நீளவாக்கில் கத்தரிக்கோலால் வெட்டி விரித்தால் மேலே நொன்வோவன் (நெய்யாமல் நாரை ஒட்டிச் செய்த) துணி, அதன் கீழே டிசுத்தாள் சுற்றிய மரக்கூழ்ப் பஞ்சு, அடியில் பொலித்தீன், அதில் கம், கம்மை மூடிய மெழுகுத்தாள். 'கொட்டனி' என்ற சொல்லைப் பார்த்து உள்ளே பருத்தி இருப்பதாக எண்ணவேண்டாம். தொட்டால் பருத்திபோல் இருக்கும் என்பதே அதன் பொருள். மேல் துணி பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன், உள்ளே இருப்பது ஊசியிலை மரக்கூழ். இதில் தீங்கில்லை. மரக்கூழ் திரவத்தை வேகமாக இழுக்கும். கெடுவது ஈரமான பிறகு. நனைந்த கூழின் நார்களுக்கு நிமிர்ந்து நிற்கும் பலம் போய்விடும், பஞ்சு படிந்து நடுவில் கட்டியாகும், நடக்க நடக்க அந்தக் கட்டி நீளவாக்கில் முறுக்கும். பேட் கயிறுபோல் சுருண்டு இரண்டு கரையும் வெறுமையாகும். அழுத்தினால் குடித்ததைத் திரும்பக் கக்கும் குணமும் இதற்கு உண்டு.

நல்ல பஞ்சு பேட் என்றால் மேலே அழுத்திப் பதித்த கோடுகள் இருக்கும். அலங்காரம் என்று நினைக்கிற அந்தக் கோடுகளுக்கு இரண்டு வேலை: பஞ்சை இடத்தில் பிடித்து வைப்பது, திரவத்தை நீளவாக்கில் இழுத்துச் செல்வது. நார்கள் நெருங்க நெருங்க இடைவெளி சிறிதாகும். திரவம் பெரிய இடைவெளியிலிருந்து சிறிய இடைவெளிக்குத்தான் போகும், மறுபக்கம் போகாது. அதனால் கோடு பேட்டின் நுனிவரை ஓடாமல், நுனிக்கு இரண்டு மூன்று செ.மீ. முன்னாலேயே வளைந்து மூடவேண்டும். நுனிவரை நேராகப் போகும் கோடு திரவத்தை நேரே உள்ளாடைக்குக் கொண்டுபோய்விடும். பக்கெற்றைத் திறந்ததும் இதைப் பாருங்கள். வெட்டாமலே தெரியும் பிழை இது.

அல்ட்ரா பேட்டில் விஷயம் அதிகம். நல்ல அல்ட்ராவை வெட்டினால் மேல் துணிக்கும் உட்கருவுக்கும் நடுவில், பெரும்பாலும் நீலமோ பச்சையோ இளஞ்சிவப்போ கலந்த, கொஞ்சம் உப்பலான ஒரு சிறு துண்டு கிடைக்கும். பேட் முழுநீளத்துக்கும் இராது; நடுவில் மட்டும் கிடக்கும். தொழிலில் இதை ஏ.டி.எல் என்பார்கள். வந்த திரவத்தை ஒரு கணம் ஏந்தி, பரப்பி, கீழே உள்ள ஜெல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது இதன் பணி. ஜெல் மெதுவாகக் குடிக்கும் பொருள். இருமும்போதோ எழும்பும்போதோ சட்டென்று வருவதை அதனால் உடனே ஏற்க முடியாது. அந்த இடைவெளியை ஏ.டி.எல் அடைக்கிறது. சில மலிவான பேட்டில் ஏ.டி.எல் துண்டே இல்லாமல் மேல் துணியில் நிறம் மட்டும் அச்சடித்திருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தால் தனி அடுக்கா, வெறும் மையா என்று தெரிந்துவிடும். அடுக்கு இல்லாத அல்ட்ராவை வாங்கவே வேண்டாம். அதைவிடப் பஞ்சு பேட் மேல்.

உட்கருவைத் துண்டுதுண்டாக வெட்டி இறுக்கி மூடும் ஒரு ஸிப் பையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நார் மேலே நிற்கும், சீனிபோல் வெள்ளைத் துகள் பையின் மூலையில் சேரும். அதுதான் சோடியம் பொலிஅக்ரிலேட். ஒரு பேட்டில் இது ஒரு கிராமுக்குக் கிட்டவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். துகளை ஒரு கண்ணாடிக் கோப்பையில் போட்டு 50 மி.லீ. தண்ணீர் விட்டால் சில நிமிடத்தில் கட்டியாகி, கோப்பையைக் கவிழ்த்தாலும் விழாது. இப்போது ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிக் கிளறுங்கள். கட்டி இளகித் தண்ணீராக ஓடும். பக்கெற்றில் போடும் 'நூறு மடங்கு உறிஞ்சும்' கதை எல்லாம் வெறும் தண்ணீருக்குத்தான். வடிநீரில் தன் எடையின் பல நூறு மடங்கு குடிக்கும் ஜெல், உடம்புத் திரவத்தின் அளவு உப்புள்ள நீரில் 30 முதல் 60 மடங்குதான் குடிக்கும். இரத்தத்தில் இன்னும் குறைவு, ஏனென்றால் புரதமும் அணுக்களும் துகளின் மேற்பரப்பை மூடிவிடும்.

அதனால் ஜெல் கூடினால் நல்லது என்ற கணக்கும் பிழை. துகள்கள் நெருக்கமாக ஒரே இடத்தில் கிடந்தால் முதலில் நனைந்தவை வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சுவராகும். அதற்குக் கீழே, அதற்கு அப்பால் உள்ள துகளுக்குத் திரவம் போகாது. இப்படி அடைபட்ட பேட்டை வெட்டினால் நடுவில் தடித்த வழுவழுப்பான மேடு, அதிலிருந்து மூன்று செ.மீ. தள்ளி உலர்ந்த துகள். சரியான அமைப்பில் ஜெல் துகள் மரக்கூழ் நாருக்குள் பிரிந்து கிடக்கும். நார் திரவத்தைக் கடத்தும், துகள் அதைப் பூட்டும். சிரிஞ்சால் மூன்று தரம் விட்டபின் கறையின் நீளத்தை அளந்து பாருங்கள். 24 செ.மீ. பேட்டில் கறை 10 செ.மீ. தாண்டினால் உட்கரு ஒழுங்காகப் பரப்புகிறது. 6 செ.மீ.க்குள் வட்டமாக நின்றால் நீளத்துக்குக் கொடுத்த காசு வீண்.

அல்ட்ராவின் மேல் அடுக்கு இரண்டு மாதிரி வரும். ஒன்று மென்மையான நொன்வோவன். மற்றது சிறு துளை போட்ட பிளாஸ்ரிக் தாள், பக்கெற்றில் 'ட்ரை' என்று வருவது. துளைகள் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும், அதனால் இறங்கியது திரும்ப ஏறுவது கஷ்டம். டிசு சோதனையில் இந்தத் தாள்தான் எப்போதும் முன்னுக்கு நிற்கும். ஏசி அறையில் இருப்பவருக்கு இதுவே நல்லது. புறக்கோட்டையிலிருந்து மொறட்டுவைக்கு நெருக்கமான பஸ்ஸில் போகிறவருக்கு அப்படி இல்லை. வியர்வை தாளுக்கும் தோலுக்கும் நடுவில் தேங்கி, ஒட்டி, உரசி, இரண்டாம் நாளே சிவக்கத் தொடங்கும். கொழும்பின் புழுக்கத்தில் நாங்கள் நொன்வோவன் மேல் துணிக்கே வாக்களிப்போம், டிசுவில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் பரவாயில்லை.

வாசனை சேர்த்த பேட் எந்த வகையிலும் வேண்டாம். வாசனைக்கு உறிஞ்சுவதில் எந்தப் பங்கும் இல்லை; தோல் எரிச்சலுக்கு அது ஒரு தெரிந்த காரணம். நாற்றம் வருவது இரத்தம் காற்றோடும் கிருமியோடும் நேரம் போக்குவதால். நாலு முதல் ஆறு மணிக்கொருமுறை மாற்றினால் வாசனையே தேவைப்படாது.

அடித்தாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த ஊரில் அதுதான் பாதி வசதி. சாதாரணப் பொலித்தீன் நீரையும் விடாது, நீராவியையும் விடாது. காற்றுவிடும் அடித்தாளில் கல்சியம் காபனேற்றுத் தூளைக் கலந்து தாளை இழுத்திருப்பார்கள். இழுக்கும்போது தூளைச் சுற்றி மிக நுண்ணிய துளைகள் திறக்கும். ஆவி போகும், துளி போகாது. பக்கெற்றில் 'பிரீதபிள்' என்று போட்டிருந்தால் சோதிப்பது இலகு. அடித்தாளைக் கம் இல்லாத இடத்தில் வெட்டி எடுத்து, சுடுதண்ணீர்க் கோப்பையின் வாயில் இறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, மேலே குளிர்ந்த கண்ணாடித் தட்டைப் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் தட்டு பனித்தால் சொன்னது உண்மை. பனிக்காவிட்டால் அது வெறும் பொலித்தீன்.

கம் விஷயத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். ஒரே அகலப் பட்டையாகப் பூசினால் வெக்கையில் இளகி உள்ளாடையிலேயே தங்கும், துவைத்தாலும் போகாது. இரண்டு அல்லது மூன்று ஒடுங்கிய கோடாகப் பூசினால் பிடியும் இருக்கும், உரிக்கும்போது தாளும் கிழியாது. அடுத்தது விங்ஸின் இடம். நடுவிலிருந்து முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, உள்ளாடையின் மிக ஒடுங்கிய இடத்தில் விங்ஸ் மடியவேண்டும். சரிநடுவில் வைத்த பேட்டைப் பின்னுக்கு இழுத்து ஒட்டவேண்டி வரும், அப்போது முன்பக்கம் வெறுமை. நைலோன் உள்ளாடையில் எந்தக் கம்மும் வழுகும். பருத்தி உள்ளாடை என்றால் பாதிக் குறைபாடு தானாகவே தீரும்.

திறந்த பக்கெற்றைக் குளியலறையில் வைக்காதீர்கள். ஜெல் காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும், கூழில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியில் மூடிய டப்பாவில் வைத்தால் போதும்.

துணி பேட்டுக்கு வருவோம். கொழும்பில் இது இரண்டு வழியில் கிடைக்கிறது: சிறு தையற்காரர்கள் தைத்து விற்பது, நீங்களே துணி வாங்கித் தைப்பது. இரண்டுக்கும் பார்க்கவேண்டியவை ஒன்றே. அமைப்பு: மேலே தோலில் படும் பருத்தி, நடுவில் உறிஞ்சும் மூன்று நாலு அடுக்கு, கீழே பி.யு.எல், அதாவது பொலியூரித்தேன் பூசிய பொலியெஸ்டர் துணி. பி.யு.எல்லின் மினுக்கமான பக்கம் உள்ளே போகவேண்டும். வெளியே வைத்துத் தைத்த பேட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. உரசல் பட்டு அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியும், பிறகு கசிவதை யாராலும் திருத்த முடியாது.

நடு அடுக்குக்கு 170 கிராம் பருத்தி பிளனல் நம்பகமானது. இந்த எடை ஒரு சதுர மீற்றருக்கு. 22 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. அகலத்தில் மூன்று அடுக்கு போட்டால் ஏழு கிராம் பருத்தி வரும். அழுத்தம் பட்ட நிலையிலும் பருத்தி தன் எடையின் இரண்டு மூன்று மடங்கைப் பிடித்து வைக்கும் என்று கணக்கிட்டால் 15 முதல் 20 மி.லீ. பகல் பேட் ஒன்றுக்கு இது தாராளம். ஆகவே 'எட்டு அடுக்கு' என்று பெருமையாக எழுதி விற்பவற்றைத் தள்ளிவையுங்கள். கொழும்பில் எட்டு அடுக்கைச் சேர்த்துத் தைத்த பேட் நடுவில் காயவே காயாது. மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் தொடர்மாடிப் பல்கனியில் இரண்டு நாள் கிடந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், மணக்கும். இது பாவிப்பவரின் குற்றமல்ல, அமைப்பின் பிழை. சரியான வழி உறைபோல் தைப்பது: வெளி உறை தனி, உள்ளே போடும் பிளனல் துண்டு தனி. அந்தத் துண்டு 22 செ.மீ.க்கு 19.5 செ.மீ. உள்ள ஒரே துணி. மூன்றாக மடித்து உறைக்குள் தள்ளுவது. கழுவும்போது விரித்தால் ஒரே அடுக்கு. வெயில் வந்தால் அரைநாளில் காய்ந்துவிடும், அவித்தும் எடுக்கலாம்; பி.யு.எல்லோடு சேர்த்துத் தைத்ததை அவிக்க முடியாது.

நுண்நார்த் துணியை, அதாவது மைக்ரோபைபரை உட்கருவாகப் போட்டதும் சந்தையில் உண்டு. விரைவாகக் குடிக்கும், ஆனால் அழுத்தினால் பிழிந்ததுபோல் விட்டுவிடும். பிளனலுக்கு மேலே ஒரு அடுக்காக இருந்தால் உதவும். தனியே உட்கருவாக இருந்தால் பஸ் சீற்றில் உட்காரும்போது கசியும். தோலில் நேரே படவும் கூடாது, ஈரப்பசையை எல்லாம் இழுத்துத் தோலை வறட்டிவிடும்.

வாங்கிய துணி பேட்டில் உடனே பார்க்கவேண்டிய இன்னொரு இடம் தையல். உறிஞ்சும் அடுக்கு பேட்டின் விளிம்புத் தையல் வரை வந்திருந்தால் திரவம் அந்தத் தையலைப் பிடித்து வெளியே நடக்கும். சுற்றிவர 1 செ.மீ. உள்ளேயே நிற்கவேண்டும். அழகுக்காக நடுவில் நெடுக ஓட்டிய தையல் பி.யு.எல்லையும் துளைத்திருந்தால் ஊசித் துளை ஒவ்வொன்றும் கசியும் வாய். வெளி உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுப்பகுதியில் நூல் தெரியவே கூடாது. நூல் பொலியெஸ்டராக இருக்கவேண்டும். பருத்தி நூல் திரியாக வேலை செய்து ஈரத்தை வெளியே கடத்தும்.

தைக்கிறவர்களுக்கு: பி.யு.எல்லுக்கு முனை உருண்ட 75/11 ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் துணி முத்திரைத்தாள்போல் துளைவரியில் கிழியும். குண்டூசி குத்தாமல் கிளிப் போடுங்கள். தையல் விடுப்பு 7 மி.மீ. விங்ஸ் மடித்துப் பிரஸ் பட்டன் போட்டபின் அகலம் 6 முதல் 6.5 செ.மீ. நிற்கவேண்டும், 8 ஆனால் தொடை உரசும். பட்டன் குத்தும் இடத்தில் உள்ளே சிறு துணித் துண்டு வைத்துக் குத்தினால் பி.யு.எல் கிழியாது. பகலுக்கு 25 செ.மீ., இரவுக்கு 30 செ.மீ., பின்பக்கம் அகலமாக.

துணிக்குப் புறக்கோட்டைக் கெய்சர் வீதியும் இரண்டாம் குறுக்குத் தெருவும் போதும். ஆடைத் தொழிற்சாலை மிச்சத் துணிக்கு மகரகமைக்குப் பக்கத்துப் பமுனுவ. மிச்சத் துணி மலிவு, ஆனால் சோதிக்காமல் வெட்டாதீர்கள். பருத்தி என்று சொல்வதில் பொலியெஸ்டர் கலந்திருக்கும். ஓரத்திலிருந்து நாலு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த மணமும் உதிரும் சாம்பலும் என்றால் பருத்தி. கடினமான கரிய மணியாக உருண்டால் கலப்பு. அடுத்து ஒரு துளித் தண்ணீர். சில விநாடிக்குள் மறையவேண்டும். மணியாக நின்றால் துணியில் மெழுகோ சிலிக்கன் பூச்சோ இருக்கிறது. மெழுகு என்றால் சலவைச் சோடா போட்டு அவித்தால் போகும், வெளுக்காத பருத்திக்கு இது எப்படியும் தேவை. சிலிக்கன் என்றால் இலகுவில் போகாது, அந்தத் துணியை விங்ஸுக்கு மட்டும் பாவியுங்கள்.

பிளனலை வெட்டுமுன் சுடுநீரில் இரண்டு மூன்று தரம் துவைத்துக் காயப்போடவேண்டும். சுருங்காத துணியைத் தைத்தால் முதற்கழுவலிலேயே உள்துண்டு சுருங்கி உறைக்குள் திரளும். 90 செ.மீ. அகலப் பிளனலில் ஒரு மீற்றர், துவைத்தபின் 95க்கு 85 என்று வந்தால் 22க்கு 6.5 அளவில் 52 துண்டுகள் வெட்டலாம். மூன்று அடுக்கு வீதம் 17 பேட். மடிக்கும் துண்டாக வெட்டினால் 16.

கழுவுவதில் ஒரே ஒரு கட்டாயம்: முதலில் பச்சைத் தண்ணீர். சுடுநீர் பட்டால் இரத்தப் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். சிவப்பு வெளியேறும்வரை அலசி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நன்றாகப் பிழிந்து, உறிஞ்சும் பக்கம் வெயிலைப் பார்க்கக் காயப்போடுங்கள். இரவு முழுதும் வாளித் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். துணி மென்மையாக்கி நாரின்மேல் படலம் போட்டு உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், பிளீச் பி.யு.எல்லைக் கெடுக்கும். இஸ்திரிப் பெட்டியை உள்துண்டில் மட்டும் வையுங்கள். மறைக்கவேண்டும் என்று வேறு உடுப்பின் அடியில் போட்டுக் காயவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிக் காய்ந்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் தோலில் வைப்பது அல்ட்ராவின் பிளாஸ்ரிக்கைவிடக் கெடுதி. கொடியில் வெளிப்படையாகக் காயட்டும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. வெளிர் நிற மேல் துணியை நாங்கள் விரும்புவதும் இதனால்தான்: சுத்தமாகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும்.

விலையை ரூபாவில் எழுதவில்லை, அது கிழமைக்குக் கிழமை மாறுகிறது. பக்கெற்றின் விலையை எண்ணிக்கையால் வகுத்து ஒரு பேட்டின் விலையாகவே ஒப்பிடுங்கள். 'எட்டுக்கு எட்டு இலவசம்' பெரும்பாலும் நீளம் குறைந்த பேட்டில்தான் வரும். நாளுக்கு நாலு, ஐந்து நாள், வருடத்துக்கு 13 சுற்று என்றால் 260 பேட். மழைக்காலத்திலும் சுழற்சிக்கு 12 துணி பேட் வேண்டும். துணி பேட் ஒன்றின் விலை அல்ட்ரா ஒன்றின் 25 மடங்கு என்று வைத்தால் 12க்கும் சேர்த்து 300 அல்ட்ராவின் விலை. பதினாலு மாதத்தில் போட்ட காசு திரும்பும். ஒழுங்காகத் தைத்தது இரண்டு மூன்று வருடம் உழைக்கும். 2018 செப்ரெம்பர் வரை இறக்குமதி நாப்கினுக்கு எல்லா வரியும் சேர்ந்து 101.2 வீதம் விழுந்தது. அதில் செஸ் என்ற இறக்குமதித் தீர்வையை நீக்கியபின் 62.6 வீதமானது. மாதம்தோறும் தவிர்க்க முடியாத ஒரு பொருளுக்கு அப்படி வரி போட்டதன் விளைவு, ஒரு பேட்டை எட்டுப் பத்து மணிநேரம் இழுத்தடிக்கும் பழக்கம். எந்த அமைப்பும் அதற்கு ஈடு கொடுக்காது.

எந்தப் பேட்டாக இருந்தாலும் ஒரு மணி, இரண்டு மணிக்குள் முழுதும் நனைந்து, அது தொடர்ந்து பல மணிநேரம் நடந்தால் பேட்டை மாற்றிப் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

பாவித்த பேட்டைக் கொமட்டில் போடவே கூடாது. தொடர்மாடியில் ஒரு வீட்டார் போட்டால் கீழ்மாடி வரை அடைக்கும். ஜெல் குழாய்க்குள் வீங்கும், அடித்தாள் கரையாது. கறைப் பக்கம் உள்ளே வரும்படி முன்னிருந்து பின்னாகச் சுருட்டி, புதிய பேட்டின் உறையால் சுற்றி, அதிலுள்ள ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். உறை இல்லாவிட்டால் பத்திரிகைத்தாள். துணி பேட் தேய்ந்து கழிக்கும்போது பிரஸ் பட்டனையும் பி.யு.எல்லையும் வெட்டி எடுத்துவிட்டால் மிச்சப் பருத்தியை வீடு துடைக்கப் பாவிக்கலாம். வெட்டிய பட்டன்கள் அடுத்த உறைக்கு ஆகாது, ஒருமுறை அழுத்திப் பொருத்தியதன் கால் திரும்பப் பிடிக்காது.